மாப்பிள்ளை மேல் சந்தேகப்பட்டு இருக்கன்குடிக்குப் போனேன்

போன ஆவணியில் என் மகள் செல்வி கணவரோடு வெளிநாடு போவதற்கான அனுமதிக் கோப்பு டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. அவளுடைய கல்யாணச் சான்றிதழில் உள்ள தேதி, கணவரின் பணிப்பதிவேட்டில் உள்ள தேதியோடு பொருந்தவில்லை என்று ஒரே வரி; எந்தத் தேதி என்றுகூட இல்லை. பதில் சொல்லப் பதினைந்து நாள் கெடு. நான் பதிவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். நீளமான கடிதத்துக்குப் பயந்ததில்லை. ஒரு வரிக் கடிதத்தைத்தான் நாலு முறை படிப்பேன்.

மாப்பிள்ளை சாத்தூர்க்காரர், ராணுவத்தில் எழுத்தர். கல்யாணமான இரண்டாம் மாதமே ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு மூன்று வருடப் பணியாக அனுப்பிவிட்டார்கள். மனைவியும் போகலாம்; அதற்குத் தனி பாஸ்போர்ட், தனி அனுமதி. செல்வி சிவகாசி அச்சகத்தில் பார்த்த டிசைன் வேலையைக் காலண்டர் சீசன் என்றும் பாராமல் விட்டாள். தூத்துக்குடி போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டாள். சாம்பார்ப் பொடியைக்கூட எடை போட்டுப் பெட்டியில் வைத்தாள். கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் அனுமதி ரத்து. மூன்று வருடம் அவர் அங்கே, இவள் இங்கே.

"அவுகளுக்கு ஒரு போனைப் போட்டுக் கேட்டா முடிஞ்சதுப்பா" என்றாள்.

"கேட்டா ஆளு உஷாராயிருவாரு."

"எதுக்கு உஷாராகணும்?"

பதிவேட்டில் வேறு தேதி என்றால் வேறு கல்யாணம். என் பணியில் நான் கற்ற பாடம் அது. விசாரித்து முடிக்கும்வரை அவரிடம் வாய் திறக்கக் கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கினேன். பாவம், அவர் அழைத்தபோதெல்லாம் தலைவலி என்று சொல்லிச் சமாளித்தாள்.

சாத்தூரில் தெரிந்தவர்களிடம் துருவினேன். கல்யாண ஆல்பத்தில் கண்ணைத் துடைத்தபடி நின்ற பெண் யார் என்று இரண்டு நாள் தேடினேன். சமையல்காரர் மனைவி. வெங்காயம் நறுக்கிவிட்டு வந்தவர்.

ஒரு காலை செல்வி பெட்டியிலிருந்து சேலைகளை எடுத்து பீரோவில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அதைப் பார்த்ததும் செருப்பை மாட்டினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் பஸ் ஏறினேன். அம்மன் முன்னால் நின்றும் எனக்குப் பணிவு வரவில்லை, புகார்தான் வந்தது. 'தாயே, என் பிள்ளையை ஏமாற்றியது யார் என்று காட்டு. அந்த ஆளைச் சும்மா விடாதே.' இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

வெளியே வந்ததும் பூக்கார அம்மா பிடித்துக்கொண்டார்.

"மக நல்லாருக்காகளா? வைகாசி விசாகத்தன்னைக்கு இங்கனதான தாலி கட்டுனாக? அந்தக் கூட்டத்துலயும் மாலைக்கு அம்புட்டுப் பேரம் பேசுனீகளே, மறக்குமா?"

நின்ற இடத்திலேயே நின்றேன். உங்களிடம் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அழைப்பிதழில் போட்ட நாளே கல்யாண நாள் என்று மனதில் பதிந்துபோன எனக்கு இது தோன்றவே இல்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு மூச்சு இழுத்தது. சாவுத் துஷ்டி விழுந்தால் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று, அவசரமாகப் பத்துப் பேர் இந்தக் கோயிலுக்கு வந்து தாலி கட்டினோம். அழைப்பிதழில் போட்ட நாளில் மண்டபத்தில் மாலை மாற்றி, ஊருக்குச் சாப்பாடு போட்டோம். (தாத்தா பிழைத்து, பந்தியில் இரண்டாவது பாயசம் கேட்டார்.)

பதிவு விண்ணப்பத்தை எழுதியது நான். அழைப்பிதழை ஆதாரமாக இணைப்பதால் அதிலிருந்த தேதியையே எழுதினேன். ஊரறிந்த கல்யாணம் மண்டபத்தில் நடந்ததுதானே என்ற நினைப்பு. மாப்பிள்ளையோ தாலி கட்டிய நாளைத் தன் அலுவலகத்தில் உள்ளபடி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கோயில் அலுவலகத்தில் விசாகத்தன்று கட்டிய திருமணக் கட்டண ரசீதின் நகலை வாங்கிக்கொண்டு, சான்றிதழைத் திருத்த நேரே பதிவு அலுவலகம் போனேன். அங்கே அதிகாரி, ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவர்.

"தப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதணும் ஐயா. தட்டச்சுப் பிழைன்னு போட்டுருவோமா?"

"வேண்டாம். தேதியைத் தப்பா எழுதுனது பொண்ணோட அப்பான்னு போடுங்க."

அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். கெடுவுக்கு முந்தின நாள் பதில் டெல்லி போய்ச் சேர்ந்தது. ஐப்பசியில் செல்வி விமானம் ஏறினாள்.

அதற்கு முன் மாப்பிள்ளையை அழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஒரு கல்யாணத்துக்கு லீவு வாங்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் மாமா."

இப்போது வாரம் ஒரு முறை பேசுகிறோம். சாப்பிட்டீகளா என்பதற்கு மேல் நான் விசாரணை நடத்துவதில்லை.

ஏமாற்றியது யார் என்று காட்டச் சொன்னேன், அம்மன் காட்டினாள். சும்மா விடாதே என்றும் கேட்டிருந்தேன். அதை மட்டும் அவள் காதில் வாங்கவில்லை. அந்தக் கருணைக்குத்தான் தை வெள்ளியில் மாவிளக்கு எடுத்தேன். உங்களுக்கும் மனக்குறை இருந்தால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். எதிரியின் பெயரை மட்டும் நீங்களே நிரப்பிக்கொண்டு போகாதீர்கள்; அந்த இடத்தை அவளுக்கு விட்டுவிடுங்கள்.