மலை ஜீப்பின் முன்சீட்டு

ஏலக்காய் மணம் என்றால் உங்களுக்குப் பாயசம் நினைவுக்கு வரலாம். எனக்கோ விடியற்காலையில் எங்கள் ஊரான சிலமலையின் தெருவில் உறுமிக்கொண்டு நிற்கும் ஜீப்பின் டீசல் புகையும், ஈரச் சாக்கின் வாடையும் சேர்ந்துதான் வரும். காய் எடுக்கப் போகும் பெண்களைப் போடிமெட்டுக்கு மேலே உள்ள தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் அந்த ஜீப்பை ஓட்டியவர் என் அப்பா. முன்சீட்டு வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு, பின்னால் நெருக்கியடிக்கும் இடமெல்லாம் பெண்களுக்கு என்பது அங்கே எழுதாத சட்டம்.

அம்மாவும் அப்படிப் பின்னால் உட்கார்ந்து போய் வந்து இடுப்பொடிந்தவள்தான். மகள் மலைப்பக்கம் "சோலி"க்குப் போகவே கூடாது என்று அப்பா வைராக்கியமாக இருந்தார். போடியில் என்னைப் பொறியியல் படிக்க வைத்ததே அதற்காகத்தான். ஆனால் இறுதியாண்டில் எங்கள் கல்லூரி, ஏலக்காய் உலர்த்தும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஆறு மாதம் அவர்களிடம் வேலை பழக வேண்டும், தேறினால் அங்கேயே வேலை. பழகும் இடம் மலைமேல் காய் உலர்த்தும் "ஸ்டோர்". இன்டர்வியூ தோறும் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயடைத்துத் திரும்பிய எனக்கு, கையால் செய்து காட்டியதற்காகக் கிடைத்த ஒரே இடம் அது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

"மலையேறுறதுக்கா ஒன்னய எஞ்சினியருக்குப் படிக்க வச்சேன்?" என்றார் அப்பா. பிடிவாதத்தில் நான் அவர் மகள். மறுநாள் தூக்குவாளியோடு போய் ஜீப்பில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்கு."

"எறங்க மாட்டேன்ப்பா."

சாவியை உருவிக்கொண்டு அவர் கீழே இறங்கி நின்றார். என் பக்கத்தில் இருந்த பேச்சியம்மா அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அப்பனும் மகளும் வீட்ல போயிச் சண்ட போடுங்க. வெரசா வண்டிய எடுங்க, லேட்டானா எங்களத் திருப்பி அனுப்பிருவாக!" என்று அவர் போட்ட சத்தத்தில் வண்டி கிளம்பியது. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. ஏற்றிப் போவார், இறக்கிவிடுவார், அவ்வளவுதான்.

ஸ்டோரில் மேல்தட்டுக் காய் நிறம் வெளுக்கும், கீழ்த்தட்டுக் காயில் ஈரம் போகாது. எல்லாத் தட்டுக்கும் சூட்டை ஒரேபோல் கொண்டுபோவதுதான் எனக்குத் தந்த வேலை. சூட்டை அளந்து சீராக்க நான் செய்த கருவி கல்லூரி லேபில் ஒழுங்காக ஓடியது, ஆனால் மலையின் மூடுபனியில் ஈரம் ஏறி வாய்க்கு வந்த அளவைக் காட்டியது. சனிக்கிழமைகளில் கம்பெனி எஞ்சினியரும் எங்கள் பேராசிரியரும் வந்து கூடவே உட்கார்ந்தார்கள். கழற்றினேன், மாட்டினேன், திட்டு வாங்கினேன், அழுதுவிட்டு மறுபடியும் கழற்றினேன். மழைக்காலம் முடிவதற்குள் ஒருநாள் எல்லாத் தட்டிலும் காய் பச்சை மாறாமல் வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் மட்டும் சொல்ல ரோஷம் விடவில்லை. ஆனால் பேச்சியம்மா அத்தை ஏறிய ஜீப்பில் எந்தச் செய்திதான் தங்கியிருக்கிறது?

மறுநாள் காலையில் முன்சீட்டில் அப்பாவின் துண்டு கிடந்தது. ஏற வந்த கங்காணியிடம், "அண்ணே, அந்த எடத்துக்கு ஆளிருக்கு, பின்னால ஏறிக்கங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "ஏறு ஆத்தா, நேரமாச்சு" என்றார். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே போனேன்.

அந்த ஜீப்பு எப்போதோ இரும்புக்கடைக்குப் போய்விட்டது. அதே கம்பெனியில் இருக்கும் நான், வருடந்தோறும் கல்லூரிப் பிள்ளைகளை வேனில் மலைக்குக் கூட்டிப் போகிறேன். சென்ற வாரம் சாப்பிடும்போது, தேவாரம் ஊரிலிருந்து படிக்க வரும் பெண் ஒருத்தியை அவள் அப்பா மலைக்கு அனுப்ப மறுக்கிறார் என்று சொன்னேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"வீடு எங்கெருக்குன்னு சொல்லு. அந்தாளுகிட்ட நான் பேசுறேன்."