என் உதட்டுக் கொப்புளமும் அவள் மேல் போட்ட பழியும்

திருமழிசையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறேன். அடிக்கடி உதட்டில் கொப்புளம் வரும். பல்லி எச்சம் பட்டது என்று தேங்காய் எண்ணெய் தடவி விட்டுவிடுவேன். அப்படி வந்திருந்த நாளில்தான் மனைவியின் பிறப்புறுப்பில் வாய் வைத்து உறவு கொண்டேன். நாலாம் நாள் அவளுக்குக் கீழே புண். சிறுநீர் போக முடியாமல் அழுதாள்.

"எவன்கிட்ட வாங்கிகினு வந்த?" என்று கேட்டேன்.

"உன்னத் தவிர எனக்கு யாருய்யா கீறாங்க?" என்றாள்.

நான் நம்பவில்லை. நெமிலிச்சேரியில் அவள் அம்மா வீட்டில் விட்டு, "உன் பொண்ணு லட்சணத்த நீயே பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் பூந்தமல்லியில் டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். அவர் என்னையும் வரச் சொன்னார். என் உதட்டில் இருந்த பொருக்கைப் பார்த்தார்.

"இது பல்லி எச்சம் இல்லப்பா, தொத்துற கிருமி. உன் வாயிலேர்ந்துதான் அவங்களுக்குப் போயிருக்கணும். மாத்திரையில புண் ஆறும். கிருமி உடம்புலயே தங்கிடும்."

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த எவன் இவருதாம்மா" என்றாள்.

இப்போது உதடு எரிய ஆரம்பித்தாலே தனியாகப் படுக்கிறேன். முத்தமும் கொடுப்பதில்லை. அவள் திரும்பி வந்துவிட்டாள். உதடு ஆறிய நாளிலும் பக்கத்தில் படுக்க என்னைக் கூப்பிடுவதில்லை.