கோதுமை விதைத்தவனின் சொல்

அப்போதெல்லாம் குத்தகை வழக்கென்றால், வக்கீல் வைக்க முடியாதவர்கள் இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அந்த ஆள் நான். தஞ்சாவூர் டுடோரியலில் ஆங்கிலம் நடத்தினேன். செத்துப்போன ஆங்கிலச் சொற்களைத் தோண்டும் கிறுக்கும் உண்டு. விடியுமுன் படுத்தபடியே கவலைப்படுவதை அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் 'உஹ்ட்கேரெ' என்றார்களாம். வழக்குக்குப் போகும் அன்று அதன் பொருளை நான் பாயிலேயே கற்றேன்.

வழக்கு ஓர் அக்காவுடையது. ஐப்பசியில் கணவர் இறந்துபோனார். குத்தகையும் அவரோடு போயிற்று, நிலத்தை விடு என்றார் மிராசுதார். விசாரணை வந்தபோது வயலில் சம்பா பழுக்கத் தொடங்கியிருந்தது.

மிராசுதாரின் வக்கீல் வயதானவர். விசாரணை அதிகாரி முன் எழுந்து, "எம்பிள்மென்ட்ஸ் மட்டும் இந்தம்மா எடுத்துக்கலாம்" என்றவர், என்னைப் பார்த்து, "சரிதானே சார்?" என்றார்.

அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று எதிரே இருந்த நூலகத்துக்கு ஓடினேன்.

அக்கா பின்னாலேயே வந்தார். "பானை உள்ளதானே இருக்கு வாத்தியாரே, தெருவுல எங்க ஓடுறீங்க?"

தூசியடைந்த பெரிய அகராதி கைகொடுத்தது. குத்தகை எதிர்பாராமல் முடிந்தாலும், விதைத்தவனோ அவன் வாரிசோ அந்த விளைச்சலை அறுத்துக்கொள்ளும் உரிமை. மூலம் பழைய பிரெஞ்சு. கோதுமை விதைப்பதைக் குறித்த சொல். எனக்குக் குதூகலம் தாங்கவில்லை.

"அக்கா, வெள்ளாமை ஒங்களுக்குன்னு அவரே ஒத்துக்கிட்டாரு! எங்கயோ கோதுமை வெதச்சவனுக்கு உண்டான சொல்லு!"

"அறுத்தப்பறம்?"

"அறுத்தப்பறம்... நெலத்த விட்டுறணும்."

"ஏன் வாத்தியாரே, அந்தக் கோதுமைக்காரன் ஒரு வருசந்தான் சாப்பிடுவானா?"

உள்ளே திரும்பி அதிகாரி முன் நின்றேன். "எம்பிள்மென்ட்ஸ் வேண்டாம் சார்," என்றேன். "அதாவது, வேணும். ஆனா அது போதாது."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அட, அர்த்தம் தெரியுமா தம்பி ஒங்களுக்கு?" நான் எதிர்த்தரப்பு ஆள் என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்ட முகம். இத்தனை வருடமும் அந்தச் சொல்லைத் தனியாகவே வைத்திருந்தார் போலும்.

அதிகாரி அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, புருஷன் இருந்தப்ப நீயும் வயல்ல வேலை செஞ்சியா?"

"நாத்துப் பறிச்சேன், நட்டேன், களையெடுத்தேங்க. அவரு படுத்தப்பறம் தண்ணி கட்டுனதும் நாந்தான். " மிராசுதார் பக்கம் திரும்பினார். "அய்யா பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, இல்லன்னு சொல்லுங்க பாப்பம்."

மிராசுதார் மின்விசிறியைப் பார்த்தார்.

"பாடுபட்ட வாரிசுக்குக் குத்தகை தொடரும்னு புதுச் சட்டம் சொல்லுதே" என்று அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் அக்கா அழுவார் என்று எதிர்பார்த்து, இரண்டு ஆறுதல் வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தேன். எங்கள் பக்கம் அறுப்புக்குச் சில நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அடுத்த பயிர் ஈரத்திலேயே முளைத்துக்கொள்ளும். நிலம் கையில் இருக்குமா என்று தெரியாமல் அவர் இன்னும் விதை வாங்கியிருக்கவில்லை.

"உளுந்துக் கடை பூட்டிறப் போறான்," என்றார். "வெரசா நடங்க வாத்தியாரே."