கிளப்புக் கடையின் பின்கட்டில் ஒரு பகல்

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பஸ் எல்லாம் கரியில் ஓடிய காலம். அப்படி ஒரு கோடையில் தேனிச் சந்தைப் பக்கம் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மார்க்கையன்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஊர். வயலும் வாய்க்காலும் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அடிக்கடி தேனிக்குப் போவார். திரும்பி வந்தால் ஊரைப் பற்றிப் பேசமாட்டார், தின்றதைப் பற்றித்தான் பேசுவார். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற கிளப்புக் கடையில் தோசை நன்றாக இருக்குமாம், காப்பி கழனித் தண்ணியாம். சந்தை மூலையில் தட்டி கட்டிய கடையில் காப்பி நன்றாக இருக்குமாம், தோசை வறட்டியாம். கறிச்சோறு வேண்டுமென்றால் மிலிட்டரி கிளப்பாம். சர்பத்துக்குத் தனியாக ஒரு பந்தலாம்.

"ஒரு நாளைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போயி வரிசையாக் காட்டுறேன் புள்ள. பொம்பளையாளுக உக்கார உள்ள மறைப்பெல்லாம் கட்டியிருக்காக" என்பார். எனக்கும் ஆசைதான். ஆனால் ஆமாம் என்று சொல்லக்கூட வெட்கம். வீட்டுக்காரரிடமே தலை நிமிர்ந்து பேசாதவள் நான். வெளி ஆண்களிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

ஒரு வழியாக ஒரு சந்தை நாளில் கிளம்பினோம். என் மாமியார் அனுப்பச் சம்மதித்ததே பெரிசு.

"அங்கன பேதி பரவிக் கெடக்குன்னு சொல்றாக. கடைச் சோறு ஒரு பருக்கை வாயில படக்கூடாது, ஆமா. காப்பி வேணும்னா கொதிக்கக் கொதிக்கக் குடிச்சுக்கங்க" என்று சொல்லி, முதல் நாள் ராத்திரியே புளிச்சோறு கிளறி வைத்தார். எப்போதும் மண் கலயத்தில்தான் போடுவோம். நான் கலயத்தை எடுத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "டவுனுக்கு மண் கலயத்தத் தூக்கிட்டுப் போனா நம்மள என்னன்னு நினைப்பாக?" என்று, பரணில் இருந்த என் சீதனப் பித்தளைத் தூக்குச் சட்டியை இறக்கி அதில் சோற்றை அமுக்கிக் கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்ததில் வெளிப்பக்கம் பளபள என்று இருந்தது. எனக்கும் அதைக் கையில் பிடித்துப் போகப் பெருமையாகத்தான் இருந்தது.

தேனியில் வீட்டுக்காரர் ஒவ்வொரு கடையாகக் காட்டினார். பெரிய பாய்லர், ஆவி பறக்கும் இட்லிப் பானை, எச்சில் இலைக்குக் காத்திருக்கும் மாடு எல்லாவற்றையும் முக்காட்டுக்குள் இருந்தே பார்த்துக்கொண்டேன். மதியம் அந்த மூலைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் சாப்பிட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம்.

"புளி ஒரு மாதிரிக் கசக்குதே?" என்றார்.

"அத்தை புதுப் புளி போட்டாக" என்றேன்.

பசி வேறு. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டார். காப்பி சொல்லிவிட்டு வருவதாகக் கடைப்பக்கம் போனார். நான் சட்டியை எடுத்து மடியில் வைப்பதற்குள் கடை வாசலில் ஒரே சத்தம். சட்டியும் கையுமாகப் போய்ப் பார்த்தால், தூணைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிறார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஏலே, பேதிடா!" என்று யாரோ கத்தியதுதான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி இலையோடு எழுந்து ஓடினார்கள். கடைக்காரர் தோளில் துண்டோடு ஓடிவந்து, "ஒனக்கு என் கடை வாசல்தானாய்யா கெடச்சுச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். சந்தைக் கிணற்றுக்கு மருந்துப் பொடி போட வந்திருந்த சுகாதார இன்ஸ்பெக்டரை யாரோ கூட்டி வந்துவிட்டார்கள்.

பேதி கண்டவர்களை வைக்க ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். பேதி இல்லாதவன்கூட அதற்குள் போனால் பேதியோடுதான் படுப்பான் என்பது எங்கள் ஊர்வரைக்கும் பேச்சு. அங்கே போனவர் நடந்து திரும்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்று என்னைக் கேட்டார். "ஏம்மா, வயித்தால எத்தனை தடவை போச்சு?"

சுற்றி நிற்கிறது அத்தனையும் ஆம்பளைகள். புருஷனுக்கு வயிற்றால் போனதைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன்? தலையைக் குனிந்து முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அவர் மறுபடி கேட்டார். கீரை விற்கும் அம்மா ஒருத்தி, "கேக்காகள்ல, வாயத் தெறந்து சொல்லு ஆத்தா" என்றாள். நான் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சொல்ல முடியாத அளவுக்குப் போயிருக்கு போல. வண்டியக் கொண்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் வீட்டுக்காரரால் பேச முடியவில்லை, ஓங்கரித்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மாட்டுவண்டி சத்தம் கேட்டது.

கடைக்காரருக்குத் தன் கடையைப் பற்றிய கவலை. "தாயி, எங்க கடையில எதுவும் தின்னாகளா? அதையாவது சொல்லு" என்று என்னிடம் குனிந்து கேட்டார். பேச வராமல் தூக்குச் சட்டியை நீட்டினேன். நீட்டிய அவசரத்தில் சட்டி சாய்ந்து, மிச்சச் சோறு மண்ணில் கொட்டியது. சட்டியின் அடி தெரிந்தது. பாசி பிடித்த மாதிரி பச்சை. களிம்பு.

பித்தளைக்குள் ஈயம் பூசாமல் புளி வைத்தால் களிம்பு ஏறும், அது விஷம் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சண்டைக் காலத்தில் ஈயம் கிடைக்காமல் பூசுகிறவர் ஊருக்கே வரவில்லை. உள்ளே பூச்சு தேய்ந்திருந்ததை விளக்கு வெளிச்சத்தில் யாரும் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு எங்கிருந்து சத்தம் வந்ததோ தெரியாது. "வயித்தால போகலை! ஒரு தடவகூடப் போகலை! வாந்தி மட்டுந்தான்! சட்டியில களிம்பு ஏறியிருக்குய்யா, இந்தா பாருங்க! நான் இன்னும் திங்கலை, எனக்கு ஒண்ணும் பண்ணலை!" என்று கத்தினேன். முக்காடு விழுந்தது தெரியவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சட்டியை வாங்கிப் பார்த்தார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இத்தனை சனம் கூடுற சந்தையில எப்படிம்மா விட்டுட்டுப் போறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அப்போதுதான், அதுவரை எங்களைத் திட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் முன்னால் வந்தார். "என் பின்கட்டுல போட்டுக்கிறேன் சார். பொழுது சாயுற மட்டும் பாருங்க. பேதிதான்னு ஆயிருச்சுன்னா நீங்களே என் கடையப் பூட்டிச் சாவியக் கொண்டு போங்க."

"ஒனக்கென்ன கிறுக்காய்யா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"வாங்கின பாலு பூராம் கெடக்கு. எல்லாப் பயலும் ஓடிட்டான். இவுகளாவது குடிக்கட்டும்" என்றார் அவர்.

பின்கட்டில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். இன்ஸ்பெக்டரின் ஆள் ஒருவர் கொல்லை வாசலில் காவல் உட்கார்ந்தார். ஆற வைத்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மறுபடியும் புகட்டினேன். முன்பக்கம் ஒரு ஆள் அரவம் இல்லை. சட்டினிக் கிண்ணங்களில் ஈ மொய்க்க, கடைக்காரர் அடுப்பை வெறித்துக்கொண்டு நின்றார். எங்களை விரட்டியிருக்கலாமே என்று நினைக்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வெயில் இறங்குகிற நேரம். என் வீட்டுக்காரர் கையை ஊன்றி எழுந்தார். "கொல்லைக்குப் போகணும்" என்றார்.

வயிற்றால் போய்விட்டால் பேதி என்றே ஆகிவிடும். கடைக்காரர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. காவல் ஆள் எழுந்து அவர் பின்னாலேயே வேலி ஓரம் போனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை.

திரும்பி வந்து அந்த ஆள் சொன்னார், "ஒண்ணுக்குத்தான்."

"அட மகராசா! அதுக்குள்ள நான் மனசுல கடைய வித்துப்புட்டுப் பரதேசம் கெளம்பிட்டேன்யா" என்று கடைக்காரர் சாக்கின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து நாக்கையும் கண்ணையும் பார்த்தார், நாடி பிடித்தார். "கூட்டிட்டுப் போம்மா" என்றார். அப்போதுதான் நான் அழுதேன். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது கடைக்காரருக்குத்தான் நினைவு வந்தது. ஆறிப்போன இட்லியை இலையில் வைத்து அடுப்படியிலேயே உட்கார வைத்தார். கிளப்புக் கடையில் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். மறைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அறுப்பு முடிந்ததும் நல்ல வாழைத்தாராக ஒன்று எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போனோம். கடையில் நல்ல கூட்டம். அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. "எந்த ஊரு தாயி? உள்ள மறைப்புல எடம் இருக்கு, போயி உக்காருங்க" என்றார். வீட்டுக்காரர் விவரம் சொன்ன பிறகுதான், "அட, களிம்புக்காரவுகளா!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். தன் பிழைப்பையே எங்களுக்காகப் பணயம் வைத்ததை அவர் அவ்வளவு லேசாக மறந்திருந்தார்.

எனக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. நாலு பேர் நடுவில் பேச இன்றைக்கும் கூச்சம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிற கேள்விக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது தலையைக் குனிந்தால் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அந்தக் கடை வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்த மாட்டுவண்டி யாரை எந்தக் கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.