பதினோரு கம்பெனிகளின் எச்.ஆர். மேனேஜர்

என் அப்பா எட்டு வருடம் எச்.ஆர். மேனேஜராக இருந்தார். ஒரு கம்பெனிக்கு அல்ல, பதினோரு கம்பெனிகளுக்கு. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட உண்மையில் கிடையாது.

ஹைதராபாத் அமீர்பேட்டையில் ஒரு கன்சல்டன்சி இருந்தது. படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்களுக்கு அது மூன்று வருட அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுக்கும். அதை நம்பி வேலை கொடுக்கப்போகிற இடத்தில் சரிபார்க்க ஆள் வைத்திருப்பார்கள். "இவர் உங்களிடம் வேலை பார்த்தாரா?" என்று அவர்கள் போன் செய்வார்கள். அந்தப் போன் மாரெட்பள்ளியில், இரண்டாவது மாடியில், எங்கள் போர்ஷனில் அடிக்கும். கேட்பவருக்கு ஆங்கிலம் சரிப்படுமா, தெலுங்கா, ஹிந்தியா என்று அப்பா இரண்டு வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார். தாத்தா லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்தக் காலனியில் வளர்ந்ததில் அப்பாவுக்கு எல்லா மொழியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. அப்பா பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எதோடும் இணைக்காத ஒரு பழைய கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போனில் கேட்பவருக்கு அது ஆபீஸ் சத்தம். அம்மா அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டாள். "ஆபீஸ்ல குக்கர் விசில் அடிக்குமா? கைக்கு, எதுக்கு இப்ப வெச்ச?" என்று அப்பா போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பதினான்கு வயதுதான்.

நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது போலீஸ் வந்தது. சஞ்சல்குடா சிறையில் அப்பா இருபத்திரண்டு நாள் இருந்தார். அவருக்கு அடுத்து படுத்திருந்தவன் அதே வழக்கில் பிடிபட்ட ஒரு இளைஞன். அப்பா போனில் மூன்று முறை புகழ்ந்து பேசிய ஆள், முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "போன்ல அவன ரொம்ப நல்லவன்னு சொன்னேன். நேர்ல பாத்தா, நெஜமாவே நல்லவன்டி." அதற்குமேல் சிறையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

அதன் பிறகு அவர் போவன்பள்ளி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் சேர்ந்தார். தக்காளி ஏலம் கூவுகிற வேலை. விடிவதற்குள் போய், வெயில் ஏறும் நேரத்தில் தொண்டை கட்டித் திரும்பி வருவார். ஆறு வருடம் ஒருநாள் விடாமல் போனார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். அவரிடம் யாரும் கேட்டு வாங்கிய சத்தியம் இல்லை, அவராகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு. அதைக் கலைத்தது நான்தான்.

மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் நான்கு வருடம் டெஸ்டராக இருந்தேன். பிறர் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு வரும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுவது என் வேலை. ஒரு புதன்கிழமை இருபது நிமிட மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். முடிந்ததும் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த எட்டு மாதத்தை ஒரு ஷீட்டில் வைத்திருக்கிறேன். விண்ணப்பித்த இடங்கள் நூற்றுப் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, எத்தனை சுற்று, எங்கே நின்றது. கடைசிப் பத்தியில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைதான்: கேப். வேலையில்லாமல் இருந்த இடைவெளி. முதல் மாதம் யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது மாதத்திலிருந்து அதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. எட்டு மாதமாக என்ன செய்தீர்கள்? வேலை தேடினேன் என்றால், ஏன் கிடைக்கவில்லை என்பார்கள்.

வீட்டுக்காரம்மா கேள்வி கேட்பாள் என்று காலையில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டும் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். கார்டு கிடையாது, வெறும் பட்டை. முனையைச் சட்டைப் பையில் செருகிக்கொள்வேன். மெட்ரோவில் ஹைடெக் சிட்டி வரை போய், ஒரு மாலின் சாப்பாட்டுத் தளத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் அங்கே மேசை துடைக்கிற அம்மா, "இன்னிக்கும் ஆபீஸ் லீவா?" என்று தெலுங்கில் கேட்டாள். மறுநாள் வேறு மாலுக்குப் போனேன்.

எட்டாவது மாதம் என் பயோடேட்டாவில் அந்த இடைவெளியை நிரப்பினேன். ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதினேன். கம்பெனிக்குப் பெயர் வேண்டும். அப்பாவின் பதினோரு பெயர்களும் எனக்கு மனப்பாடம். சிறுவயதில் எது உண்மையானது மாதிரி எனக்குத் தோன்றியதோ அதைப் போட்டேன்.

நூற்றுப் பதினான்காவது இடத்தில் தேர்வானேன். சரிபார்த்த பிறகு சேரலாம் என்று கடிதம் வந்தது. எச்.ஆர். தொடர்பு எண் என்ற கட்டத்தில் அப்பாவின் எண்ணை டைப் செய்தேன். அவரிடம் கேட்பதற்கு முன்பே அனுப்பியும்விட்டேன்.

அன்று மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ப்பா, உனக்கு ஒரு போன் வரும். நான் எங்க வேல பாத்தேன்னு கேப்பாங்க."

அவர் கை தட்டிலேயே நின்றது. "எந்தக் கம்பெனி?"

பெயரைச் சொன்னேன். அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"நக்கோமா, வேணாம்," என்றார் அப்பா. "வேற எதனா கேளு."

"வேற எதுவும் இல்லப்பா எங்கிட்ட."

"ஆறு வருஷம் ஆவுது. நான் வுட்டுட்டேன்."

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தக் கன்சல்டன்சிக்காரன் எத்தினியோ வாட்டி வந்து வாசல்ல நின்னான். அவனத் தொரத்திட்டேன். உன்ன இன்னாடி பண்ணுவேன்?"

மூன்று நாள் கெஞ்சினேன். நான் சத்தம் போடுகிறவள் இல்லை. அதனால் நான் சொன்னவை எல்லாம் அமைதியாகவே சொல்லப்பட்டன, அதுதான் மோசம். மூன்றாவது நாள் இப்படிச் சொன்னேன்: "ஊர்ல இருக்கற எல்லாப் பிள்ளைக்கும் பொய் சொன்ன. உன் பொண்ணுக்கு நாலு வருஷம் நெஜமான அனுபவம் இருக்கு, எட்டு மாசத்துக்கு மட்டும் ஒரே ஒரு தடவ சொல்லமாட்டியா?"



"ஒரு தடவ," என்றார் அப்பா. "உனக்கு மட்டும்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் என் பழக்கப்படி கேட்கப்படக்கூடிய கேள்விகளையெல்லாம் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, யாருக்குக் கீழே வேலை, ஏன் விட்டாள். அப்பா அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பதில் முக்கியம் இல்லமா. மொத தடவையே போன எடுக்கற எச்.ஆர். எங்கயாவது பாத்திருக்கியா? ரெண்டு வாட்டி அடிச்சு ஓயட்டும். மூணாவது வாட்டி எடுத்து, மீட்டிங்ல இருக்கேன், நாலு மணிக்கு மேல பண்ணுன்னு எரிஞ்சு விழுவேன். நல்லவனா பேசுனா மாட்டிக்குவோம்."

அவர் சொன்னபடியே நடந்தது. வியாழக்கிழமை நாலேகாலுக்கு, சரிபார்க்கிற பெண் மறுபடியும் கூப்பிட்டாள். அதற்குள் அப்பா குளித்து, பேண்ட் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "லுங்கில அந்தக் குரல் வராது," என்றார். மண்டியில் கூவிக் கூவி ஒரு காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில்தான் பேசினார்.

அவருடைய ஆபீஸ் குரலை ஆறு வருடத்துக்குப் பிறகு கேட்டேன். வீட்டில் தினமும் கேட்கிற கரகரப்பு இல்லை. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் அதிகாரம், நடுவில் யாரிடமோ "அந்த ஃபைலை அங்கேயே வை" என்று ஒரு அதட்டல். என் பட்டியலில் இருந்த கேள்விகள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. நான் மூச்சு விட்டேன்.

அப்போது அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்: "சார், இன்னொரு உதவி. உங்கள் கம்பெனியில் வேலை பார்த்ததாக இன்னொருவர் சான்றிதழும் என்னிடம் இருக்கிறது. அவர் கொடுத்த எண் ஒரு வாரமாகக் கிடைக்கவில்லை. நீங்களே சொல்லிவிட முடியுமா?"

ஒரு பெயரைச் சொன்னாள். நாங்கள் கேள்விப்படாத பெயர். அந்தக் கன்சல்டன்சி வேறு போர்டு மாட்டிக்கொண்டு இன்னும் நடக்கிறது, பழைய பதினோரு பெயர்களையும் இன்னும் விற்கிறது என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. எங்கே தப்பு வரும் என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவள் நான். வேறு எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் புதிதாக ஒரு பெயரை யோசித்திருப்பாள். நான் வீட்டில் இருந்ததையே எடுத்துக்கொண்டேன்.

அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். தெரியாது என்று சொல், ரெக்கார்டு பார்க்க வேண்டும் என்று சொல். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஓ, அந்தப் பையனா?" என்று சிரித்தார். "பேச்சுக் கம்மி. ஆனா வேலையில் புலி. லீவே போடமாட்டான். இரண்டு வருடமும் சொச்சமும் இருந்தான், இல்லையா? கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்."

அவள் தேதியைப் படித்தாள். "ஹவ், ஹவ், ஆமா, அதேதான்," என்றார்.

போனை வைத்ததும் எழுந்து நின்றார். முகம் வேர்த்திருந்தது. "பாத்தியா? தேதிய அவ வாயாலயே வாங்கினேன் பாத்தியா?"

அம்மா வாசற்படியில் நின்றபடி கேட்டாள். "யாருங்க அந்தப் பையன்?"

"யாருக்குத் தெரியும்?" என்று மறுபடி சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் ஆறு வருடத்தில் பார்த்ததில்லை. அம்மா பார்த்திருந்தாள், அதற்கு முன்னால். அவள் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் அவர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை, கூவினால் குரல் கெட்டுவிடும் என்றார். காலைச் சாப்பாட்டின்போது என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்: "உன் கூட வேலய வுட்டு நிறுத்துனாங்களே நாலஞ்சு பேரு, அவங்கள்லாம் இப்ப இன்னா பண்றாங்க?"

தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை, சரிபார்ப்பு முடிந்தது, திங்கட்கிழமை சேரலாம் என்று மெயில் வந்தது. நான் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதினேன். ஒன்று, சேர்வது. இரண்டு, உண்மையைச் சொல்வது. மூன்று, சேரவில்லை என்று சொல்வது. உண்மையைச் சொன்னால் அப்பா மறுபடி சிறைக்குப் போவார், முகம் தெரியாத அந்த ஆளின் வேலையும் போகும். சேர்ந்தால் அப்பா ஜெயித்துவிடுவார். நான் மாதச் சம்பளத்தோடு வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நாளும் அவருக்கு அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவருக்குப் பழைய நாற்காலியைத் துடைத்துப் போட்டவள் நானாக இருப்பேன்.

குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சேர இயலவில்லை என்று எழுதினேன். அதை அனுப்ப நாற்பது நிமிடம் ஆயிற்று.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை.

"பைத்தியமா உனக்கு? எவ்ளோ சுத்தமா முடிச்சுக் குடுத்தேன்!"

"அதனாலதான்ப்பா."

"உனக்காகத்தான பண்ணேன்?"

"எனக்குப் பண்ண, சரி. அந்தப் பையனுக்கு யாருக்காகப் பண்ண?"

அம்மா, "போதும் வுடு, அவரக் கேக்கறதுக்கு உனக்கு வாய் ஏது?" என்றாள். அதுவும் சரிதான். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. வேலை போனதற்காக இல்லை. நன்றாக முடித்துக் கொடுத்த ஒன்றை நான் தூக்கிப் போட்டுவிட்டேன் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் போன் அடித்தது. தெரியாத எண். அம்மா கையை நீட்டினாள். அப்பா தானே எடுத்தார்.

"அண்ணா!" என்று ஸ்பீக்கரில் ஒரு குரல். கன்சல்டன்சிக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "எங்க பையன் ஒருத்தன் பாஸ் ஆயிட்டானாம். யாரு பேசுனதுன்னு எனக்கே தெரியல. வேலைல புலின்னாங்களாம். கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம அண்ணன்தான்னு. தக்காளிக்கு எதுக்குண்ணா அந்தக் குரலு? வீட்லயே இருங்க. நாளைலருந்து கால் அனுப்பறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

"என் பொண்ணு சேரல," என்றார்.

"எந்தப் பொண்ணு? நான் கேக்கறது உங்களப் பத்திண்ணா."

"யோசிச்சுச் சொல்றேன்," என்று சொல்லி வைத்தார். யோசிக்க ஏதோ இருக்கிறது என்று சொன்ன அந்த வார்த்தையில் அம்மா நீட்டியிருந்த கையை இறக்கிக்கொண்டாள்.

அவர் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இத எப்படிமா பிளாக் பண்றது?"

பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். எண்ணைத் தொடு, இந்த மூன்று புள்ளி, இது. அவரையே செய்யச் சொன்னேன். விரல் தடித்துப் போயிருந்ததால் இரண்டு முறை தவறிற்று. மூன்றாவது முறை சரியாக விழுந்தது.

திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "திரும்ப எடுக்கணும்னா எடுக்கலாமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், போன் விஷயத்தில் நான் சொல்வதை அவர் சரிபார்ப்பதில்லை.

"எடுக்கலாம்ப்பா," என்றேன். "அதே எடத்துலதான் இருக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.