லீவு நாளில் போட்ட கணக்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒழுங்காக இராது. சரியாக அடுக்காத மூட்டை வரிசை போல ஒரு பக்கமாகச் சாயும். ஐந்தாவது வரைதான் படித்தேன். சின்ன 'ர' வருமா பெரிய 'ற' வருமா என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. எங்கள் பக்கத்தில் 'ழ'வும் 'ள'வும் வாயில் ஒன்றாகத்தான் வரும். பேனாவிலும் அப்படியே வருகிறது. நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. காகிதம் நம்மைத் திருப்பிப் பார்க்காது, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் பஸ்ஸுக்காக ஒரு பெண் பிள்ளை தன் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தது. காலடியில் பெரிய பை, அதன் மேல் கயிற்றால் கட்டிய தலையணை.

"இன்னா பாப்பா, வேல கெடச்சிடுச்சா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"இல்ல அங்கிள். சம்மர் ப்ராஜெக்ட். ரெண்டு மாசம்."

"லீவுல இன்னா படிப்பு? லீவுன்னா லீவு வுடணும்."

அந்தப் பெண் சிரித்தது. அதன் அப்பாவும் சிரித்தார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். பாதி டீ இருந்தது. சம்மர் ப்ராஜெக்ட் என்ற அந்த வார்த்தையைக் கேட்டுப் பல வருடம் ஆகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலேஜில் பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளை வெயில்கால லீவில் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டும். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. என் மகள் தேன்மொழி இதை முதலில் வீட்டில் சொன்னபோது எங்களுக்குப் புரியவில்லை.

"வெடையே இல்லாத கணக்க எதுக்குடி போய் போடறே?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"இல்லன்னுதாம்மா போடறேன்."

"எங்களாண்ட இருக்கிற கணக்குக்கே வெடையக் காணோம். அத மொதல்ல போடு."

நாங்களும் அன்றைக்குத் தலையணை கட்டித்தான் அனுப்பினோம். இலவம்பஞ்சுத் தலையணை. மெத்தை கொடுப்பார்கள், தலையணை கொடுப்பார்களா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலுக்குக் கட்டில் இரண்டு தலையணை இருந்ததாம். எங்கள் தலையணையைப் பக்கத்து அறை மலையாளப் பெண் பிடுங்கிக்கொண்டாள் என்று போனில் சொல்லிச் சிரித்தாள். பஞ்சின் வாசனை பிடித்திருந்ததாம் அந்தப் பெண்ணுக்கு.

வாசனை என்றதும் இன்னொன்று. நான் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நாங்கள் கமிட்டி என்போம். அவலூர்பேட்டைப் பக்கமிருந்தெல்லாம் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் வரும். எத்தனை சோப்புப் போட்டாலும் சாக்கு வாசனை என்னை விட்டுப் போகாது. தேன்மொழி சின்னதாக இருந்தபோது என் தோளில் மூக்கை வைத்து, இன்று தூக்கியது நெல்லா மல்லாட்டையா என்று சொல்லிவிடுவாள். தப்பாகச் சொன்னால் ஏன் தப்பானது என்று கேட்டு உயிரை எடுப்பாள். எல்லாவற்றுக்கும் ஏன், ஏன். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடிகூட வாங்கியிருக்கிறாள்.

காலேஜில் அந்த 'ஏன்' பிடித்த வாத்தியார் ஒருவர் இருந்தார். கௌரவ விரிவுரையாளர். நிரந்தர வேலை கிடையாது, மே மாதம் சம்பளம் கிடையாது, ஜூனில் திரும்பக் கூப்பிட்டால்தான் உண்டு. பெங்களூர் விண்ணப்பத்தைத் தன் போனிலேயே தேடி எடுத்து அனுப்பச் சொன்னவர் அவர்தான். இடம் கிடைத்ததும் மெனக்கெட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலில் போய் நின்றுகொண்டேன். யார் வீட்டுக்கு யார் வந்தது என்று தெரியாத அளவுக்கு.

அப்போது ஒரு சிக்கல் இருந்தது. பெங்களூர்க்காரர்களின் கோடை ஜூலை நடுவில் முடியும். எங்கள் காலேஜின் கோடை ஜூன் நடுவிலேயே முடிந்துவிடும். இடையில் ஒரு மாதம் வகுப்புக்குப் போக முடியாது.

"அது ஒரு விஷயமே இல்லண்ணா. லீவு லெட்டர் எழுதி எங்கிட்ட குடுங்க. நான் ஹெச்.ஓ.டி.கிட்ட குடுத்துடறேன்" என்றார் அவர். அவள் எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூனில் காலேஜ் திறந்தபோது அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. கடிதத்தை மே மாதமே துறைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டதாக அவர் சொன்னார். அப்படி ஒன்றைப் பார்க்கவே இல்லை என்று துறைத் தலைவர் சொன்னார். யார் சொன்னது நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு கடிதம் கொடுத்தால் கொடுத்ததற்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும் என்பது கமிட்டியில் மூட்டை இறக்குகிற எங்களுக்குத் தெரியும். காலேஜிலும் அப்படித்தான் என்று தோன்றவில்லை. படித்தவர்கள் இருக்கிற இடம் என்று நினைத்துவிட்டோம்.

ஜூலையில் அவள் திரும்பி வகுப்புக்குப் போன அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். வருகைப் பதிவு குறைவு, பரீட்சை எழுத முடியாது, அப்பாவை அழைத்து வா. குறைந்ததை மன்னித்து எழுத விடலாம், அதற்குத் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் போடாவிட்டால் ஒரு வருடம் போகும். பெங்களூரில் அவளுக்குக் கணக்குச் சொன்ன பேராசிரியர் அம்மா, டிகிரியை முடித்ததும் நேராக எங்களிடம் வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் அந்தக் கையெழுத்தில்தான் எல்லாம் நின்றது.

என் வீட்டுக்காரி வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். போகிற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'சார், புள்ள ஊர் சுத்தப் போவல, படிக்கத்தான் போச்சி.' இவ்வளவுதான். நன்றாகத்தான் வந்தது, சைக்கிளில் இருக்கும் வரை.

துறைத் தலைவர் அறை ஜன்னலில் கோட்டை மலை முழுசாகத் தெரிந்தது. அறையில் இன்னும் இரண்டு வாத்தியார்கள் இருந்தார்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"நீ என்ன பண்றே?"

"கமிட்டில லோடு மேன் சார்."

"என்ன படிச்சிருக்கே?"

"அஞ்சாவது சார்."

"அதான். காலேஜ் தெறந்தது வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல." வாத்தியார்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"சார், அது ரிசர்ச் சார்" என்றாள் தேன்மொழி. "எல்லா ஸ்டேட்லேந்தும் போட்டு, செலக்ட் ஆனவங்கதான்..."

"நான் அனுப்புனேனா? என் டிபார்ட்மென்ட்லேந்து எனக்கே தெரியாம ஒருத்தி பெங்களூர் போறா. இத்தன வருஷமா இங்க நாங்க கணக்குச் சொல்லித் தர்றோம், அது பத்தலையா உனக்கு?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வருகைப் பதிவு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த லீவு லெட்டர் தங்கத் தட்டில் வந்திருந்தாலும் இதே கேள்விதான் வந்திருக்கும்.

"அனுமதி இல்லாம சொந்த வேலையா வெளியூர் போயிட்டேன், மன்னிக்கணும்னு எழுதிக் குடு. கையெழுத்துப் போடறேன்."

"சொந்த வேல இல்ல சார்."

"அப்ப பரீட்சையும் இல்ல."

நான் என் வாக்கியத்தை எடுத்தேன். 'சார்' என்ற முதல் வார்த்தை மட்டும் வந்தது. மீதி எங்கேயோ சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுவிட்டது.

"என்ன?"

"ஒன்னுமில்ல சார்."

"நீயே எழுதிக் குடுய்யா உன் பொண்ணுக்காக. எழுதத் தெரியும் இல்ல?" என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் குனிந்தேன். பேனா என் கைக்கு வருவதற்குள் தேன்மொழி அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். சொந்த வேலை என்பதையும் எழுதினாள். பரீட்சைக்காக அவள் எழுதவில்லை என்பது என் எண்ணம். அவள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது, "நைனா, இந்தச் சட்ட ஒனக்கு நல்லா இருக்குது" என்றாள். அவ்வளவுதான்.

அவள் பரீட்சை எழுதினாள். துறையிலேயே முதல் மார்க். பெங்களூர் அம்மா போன் செய்து, சேர்வதற்கு விண்ணப்பம் போடச் சொன்னார்கள். அதற்கு இரண்டு பேர் இந்தப் பிள்ளை நல்ல பிள்ளை என்று கம்ப்யூட்டரில் நேராக எழுதி அனுப்ப வேண்டும். ஒன்று அந்த அம்மாவே அனுப்பிவிட்டார்கள். இன்னொன்று படித்த காலேஜின் துறைத் தலைவர்.

"பாக்கலாம்" என்றார் அவர்.

இந்த மனுஷன் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வேறு யார் காலிலாவது போய் விழுந்திருப்போம். ஒருநாள் மீட்டிங். ஒருநாள் நெட் இல்லை. ஒருநாள், "நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" பெங்களூர் அம்மா சொல்லி, தேதியைக் கொஞ்சம் தள்ளிக்கூட வைத்தார்கள். அந்தத் தேதியும் போனது. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் தேன்மொழி அந்த அறை வாசலில் நின்றிருந்தாள். அவர் பின் பக்கமாகக் கிளம்பிப் போய்விட்டார் என்று பியூன் வந்து சொன்னார்.

"அடுத்த வருஷம் போட்டாப் போச்சி" என்றாள் என் வீட்டுக்காரி. அடுத்த வருஷமும் அதே ஆள்தானே எழுத வேண்டும். தேன்மொழி போடவில்லை. பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். இன்றைக்கும் அங்கேதான்.

அதோடு விட்டிருக்கலாம். காலேஜுக்குத் தரம் பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறது என்று பேச்சு வந்தது. மாணவர்கள் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா என்று கேட்பார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைத் தலைவர் போன் செய்தார். தேன்மொழி சத்தமாக வைத்து, என் முன்னால்தான் பேசினாள்.

"நல்லா இருக்கியாம்மா? அப்பா நல்லா இருக்காரா? ஒன்னுமில்ல, அந்தப் பெங்களூர் சம்மர் ப்ராஜெக்ட் சர்டிபிகேட் இருக்குல்ல, அது ஒரு ஜெராக்ஸ் வேணும். நம்ம டிபார்ட்மென்ட் பைலுக்கு."

"அது என் சொந்த வேல சார்."

"என்னம்மா?"

"சொந்த வேலையாப் போனேன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். ஒங்க பைல்லதான் இருக்கும், பாருங்க சார்."

போனை வைத்துவிட்டாள். அன்று அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். ஒரு வாரத்தில் காலேஜ் வாசலில் பெரிய பிளெக்ஸ் வந்தது. பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள், முகம் கட்டம் கட்டமாக இருந்தது. அவள் பெயர், பெங்களூர் நிலையத்தின் பெயர், 'வழிகாட்டியவர்' என்று துறைத் தலைவரின் கோட் போட்ட படம். சர்டிபிகேட் அவர்களுக்குத் தேவையே படவில்லை. மழையில் கிழியும் வரை தொங்கியது. நான் கமிட்டிக்கு வேறு ரோட்டில் போய்வந்தேன்.

துறைத் தலைவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் கௌரவ விரிவுரையாளர் திண்டிவனத்தில் ஒரு கொரியர் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. கொஞ்ச நாள் அவர் மேல்கூடக் கோபப்பட்டேன். கோபம் எட்டுகிற தூரத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். ஜூலையில் அவளைக் கூட்டிவர நான் பெங்களூர் போயிருந்தேன். பகல் பஸ். ஏறி உட்கார்ந்ததிலிருந்து செஞ்சி வரை பேசிக்கொண்டே வந்தாள்.

"நைனா, கமிட்டில நெல்லக் குவியல் குவியலாக் கொட்டி வெச்சிருக்கறாங்க இல்ல, அதான் என் கணக்கு. ஒரு குவியல் அளவுக்கு மேல ஒசந்தா, சரிஞ்சி பக்கத்துல இருக்கறதுக்கெல்லாம் ஒவ்வொரு மணி குடுக்கும். அத வாங்கிக்கினு இன்னொன்னு ஒசரும், அதுவும் சரியும். இப்டியே போவும்."

"எப்ப நிக்கும்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடமும் மொத நாளு இதத்தான் கேட்டாங்க நைனா. எதை முன்னாடி சரிய வுட்டாலும் கடைசில ஒரே மாதிரிதான் வந்து நிக்கும். அது முன்னமே தெரிஞ்சதுதான். எம்மா நேரம் ஆவும்ன்றதுதான் யாருக்கும் தெரியாது."

முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஏம்மா, கொஞ்சம் தூங்க வுடும்மா" என்றார். "நீங்களும் கேளுங்க அங்கிள், நல்லா இருக்கும்" என்றாள். அவரும் கிருஷ்ணகிரி வரை கேட்டார். இறங்கும்போது, "கண்டுபுடிச்சா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்த அன்று சாயங்காலம் தேன்மொழி கடையிலிருந்து வந்து, யூனிபார்ம் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக.

"தேனு, அந்தக் கணக்கு இன்னா ஆச்சி? எப்ப நிக்கும்னு கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"எந்தக் கணக்கு?"

"பெங்களூர்ல போட்டியே. நெல்லுக் குவியல்."

புடவையை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஞாபகம் இல்ல நைனா. சாப்டியா?"

பொய் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை.

மே மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை.