கிடா பின்வாங்கும்போது

செம்மறிக் கிடா முட்டுவதற்கு முன்னால் இரண்டு மூன்று அடி பின்னால் போகும். தெரியாதவர்கள் அது பயந்து ஒதுங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டிருந்த மடச்சிதான்.

எங்கள் கிடா கடற்பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பெருநிலத்திலிருந்து வந்தது. பைராம் தோட்டத்தில் ஆடு வளர்க்கும் என் வீட்டுக்காரரின் நண்பர், தாய் ஒதுக்கிவிட்ட குட்டி, பிழைக்குமா தெரியாது, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தீவில், பாலிக் புலாவில் இருக்கும் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் என் வீட்டுக்காரர் அதைத் தன் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தார். நான் பால் மாவு கரைத்து போத்தலில் கொடுத்தேன். அதற்கு ஒரு பெயரும் வைத்தோம். இப்போது அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குட்டி ஒரு மாதத்தில் தேறியது. நெற்றியால் என் உள்ளங்கையைத் தள்ளும். நான் திருப்பித் தள்ளுவேன். "முட்டு, முட்டு" என்று கையைக் காட்டினால் துள்ளிக்கொண்டு ஓடிவரும். தீபாவளிக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த வித்தையைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஒன்றரை வருடத்தில் அது என்னைவிடக் கொஞ்சம்தான் எடை குறைவு. அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள், கொட்டகைக்குள் குனிந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் முகம் சேற்றில் இருந்தது. தொடை நாவற்பழம் மாதிரி கறுத்துப்போனது. எழுந்து திரும்பிப் பார்த்தேன். அது மறுபடியும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பின்வீட்டு மலாய்க்காரப் பெரியவர் பல வருடம் ஆடு வைத்திருந்தவர். மாமா என்கிற மாதிரி, அவரைப் பாக் சிக் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய்ச் சொன்னேன். நெற்றியில் கை வைத்துத் தள்ளிப் பழக்கினாயா என்றுதான் முதலில் கேட்டார். போத்தல் பாலில் வளர்ந்த கிடாவுக்கு மனிதர்மேல் பயம் இருக்காது, உன்னையும் இன்னொரு கிடா என்றுதான் அது நினைக்கிறது, இனி இது மாறாது என்றார். மாட்டிக்கொண்டால் தாடைக்குக் கீழே கை கொடுத்துத் தலையைத் தூக்கிவிடு, தலை நிமிர்ந்திருந்தால் அதனால் முட்ட முடியாது என்றும் சொன்னார். கடைசியில், கொடுப்பதாக இருந்தால் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருந்தது? என் வீட்டுக்காரரின் நெஞ்செலும்பை நடுவில் அறுத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எலும்பு ஒன்றுசேர மூன்று மாதம் ஆகும், பால் பாக்கெட்டைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்றார் தாதி. எலும்பு 'டக்' என்று அசைவது தெரிந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார். அந்த 'டக்' என் காதிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கிடா முட்டுகிறது, கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டே போவேன். அவர் கட்டிலில் கிடந்தபடி முதலில் கிடாவைத்தான் விசாரிப்பார். நான் கைபேசியில் படத்தைக் காட்டுவேன். வெளிறிப்போன முகத்தில் சிரிப்பு வரும். நான் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

அவர் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் கொட்டகைக்குப் பூட்டு வாங்கினேன். ஆட்டுக் கிருமி ஆகாதாம், ஒரு மாதம் கிட்டப் போகக் கூடாதாம் என்று தாதியின் பெயரில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவரும் நம்பி, சன்னலிலிருந்து அதைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துக்கொண்டு குளித்தேன், சமைத்தேன். உள்ளே போகும்போதெல்லாம் பெரிய சட்டி மூடி ஒன்றைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் நடந்தேன்.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் காலை, பூட்டைத் திறந்து வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். திரும்பினால், அவர் உள்ளே நிற்கிறார். ஒரு கையில் தலையணை. மறு கையைக் கிடாவின் பக்கம் நீட்டியிருந்தார்.

கிடா ஓரடி பின்னால் போனது.

"பாத்தியா, என்னை மறந்துட்டான். பயந்து பின்னாடி போறான்," என்றார்.

கத்தினால் அவர் என் பக்கம் திரும்புவார், முதுகைக் காட்டுவார் என்ற ஒன்றுதான் மண்டையில் இருந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். கிடாவும் கிளம்பியது. நான் நடுவில் விழுந்தேனா பாய்ந்தேனா தெரியாது. இடி என் முழங்காலில் இறங்கியது. கீழே கிடந்தபடி பார்க்கிறேன், அது மறுபடியும் பின்வாங்குகிறது. அவர் தலையணையை எறிந்துவிட்டு அதன் கழுத்து ரோமத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.

"தாடையத் தூக்குங்க! தாடைக்குக் கீழ கையக் குடுத்துத் தூக்குங்க!"

தூக்கினார். கிடா தலை நிமிர்ந்து அப்படியே நின்றது. சாதுவாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் அதன் தலையை இறக்காமல் வாசல்வரை வந்து, நான் தவழ்ந்து வெளியே வந்த பிறகு தானும் வந்து கதவைச் சாத்தினார்.

முழங்கால் எனக்கு ஞாபகமே இல்லை. எழ முடியாமல் அவரையும் கீழே உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைப் பிய்த்து, தழும்பின்மேல் கையை வைத்தேன். மூச்சு விடச் சொன்னேன். இருமச் சொன்னேன். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. இன்னொரு முறை இருமச் சொன்னேன். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அப்புறம்தான் அழுதேன்.

அவர் மூச்சு வாங்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாடையத் தூக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாக் சிக் சொன்னாரு."

"எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குமேல் பொய்யும் வரவில்லை.

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கறப்பவே."

அவர் தன் நெஞ்சின்மேல் இருந்த என் கையைப் பிடித்து, மெல்ல எடுத்து, என் மடியில் வைத்தார். பிறகு சட்டையைத் தானே இழுத்து மூடிக்கொண்டார்.